இரு கரையிலும் பன்னிரண்டு பேர்

எங்கள் ஊர்க் கடைவீதியில் அப்போது இரண்டு காப்பி கிளப்புகள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் காப்பி நன்றாக இருக்கும், பலகாரம் சுமார். இன்னொன்றில் இரண்டுமே சுமார். நான் சொல்லப்போகிற மனிதர் திங்கள், புதன், வெள்ளியில் முதல் கடையில் குடிப்பார். செவ்வாய், வியாழன், சனியில் இரண்டாவது கடையில். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் தலைகாட்ட மாட்டார். வீட்டில் நீராகாரம்தான்.

"ஏழு நாளை ரெண்டாப் பங்கு வச்சா ஒரு நாள் மிச்சம் விழுதுல்ல, அதை யாருக்குக் குடுத்தாலும் தப்பு" என்பார். காப்பிக்கே இந்தப் பாடு பட்டவர், மற்ற விஷயங்களில் என்ன பாடு பட்டிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அவரோடு ஆறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, எட்டாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். நான் கணக்கு வாத்தியார். அவர் சரித்திரமும் பூகோளமும். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் காறித் துப்புகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். துப்ப வேண்டிய முகம் அது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுபது வயதுவரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

பெரியகுளத்துக்காரர். நெடுநெடுவென்று ஒல்லி. மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு உலகப் படமும் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் நாடுகளின் எல்லைகளை அழித்து அழித்துப் பென்சிலால் மாற்றி வரைந்திருப்பார். அழித்த இடமெல்லாம் துணி மாதிரி மெலிந்துபோயிருந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிற பேப்பர் எங்களுக்கு மறுநாள்தான் கிடைக்கும். அதில் உள்ளூர்ச் சங்கதி எதையும் படிக்க மாட்டார். எந்த நாடு எந்த நாட்டோடு கை குலுக்கியது, எவன் எல்லையில் எத்தனை பட்டாளம் நிற்கிறது, அதுதான் அவருக்கு வேண்டும். படித்துவிட்டு மடித்து வைக்கும்போது முகம் சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

ஜெனிவாவில் நாடுகள் எல்லாம் கூடிப் பேசுகிற சபை ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு தீராத வருத்தம். "தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கு சார். தீர்ப்பை நடத்திக் காட்ட ஒரு சேவகன்கூட இல்ல. இது என்ன பஞ்சாயத்து?" என்பார்.

பாடப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. ராஜாக்கள் பிறந்த வருஷமும் செத்த வருஷமும்தான் இருக்கும். அது போதாது என்று அவரே ஒரு கோடு போட்ட நோட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 'நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் விதம்' என்று முதல் பக்கத்தில் தலைப்பு. அச்சடித்த எழுத்துப் போல இருக்கும் கையெழுத்து. நான் வாங்கிப் படித்திருக்கிறேன். 'வீட்டுக்கு மேலே ஊர் உண்டு, ஊருக்கு மேலே சர்க்கார் உண்டு, சர்க்காருக்கு மேலே ஒருவரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது' என்று முதல் பாடம். அடுத்த பாடம் இப்படி: 'பக்கத்து வீட்டுக்காரன் திருடனுக்குப் பயந்து நாய் வளர்க்கிறான். அந்த நாய்க்குப் பயந்து நீ ஒரு நாய் வளர்க்கிறாய். உன் நாயைப் பார்த்து அவன் இன்னொரு நாய் வாங்குகிறான். இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் தெருவில் யாரும் நடக்க முடியாமல் போகிறது.'

இவ்வளவு தெளிவாக எழுதியவர்தான். எழுதுவது வேறு, வாழ்வது வேறு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அந்த நோட்டில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் சமநிலை. ஒருவன் பலம் ஏறினால் மற்றவர்கள் சேர்ந்து எதிர்த்தட்டில் ஏற வேண்டும். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறவரை எவனும் கையை ஓங்க மாட்டான். இதை அவர் படித்துத் தெரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பிறவியே அப்படி.

சாயங்காலம் மைதானத்தில் பையன்கள் சடுகுடு ஆடினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். எந்தக் கட்சி தோற்கிறதோ அதில் சேர்ந்துகொள்வார். நீளக் கைகால், பிடித்தால் விடமாட்டார். அவர் சேர்ந்த கட்சி கொஞ்சம் தேறி மேலே வந்ததும், கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். ஆட்டம் விளக்கு வைக்கிற நேரம்வரை இழுக்கும். ஒரு கட்சியும் ஜெயிக்காது. ஒருநாள் ஒரு பையன் அழுதே விட்டான்.

"எப்பத்தான் சார் ஜெயிக்கிறது?"

"ஏலே, யாரும் ஜெயிக்காம இருக்கத்தான்டா இந்த ஏற்பாடே" என்று அவன் தலையைத் தடவினார்.

பையன்கள் அதற்குப் பிறகு அவர் கண்ணில் படாமல் ஆற்று மணலுக்குப் போய் ஆடத் தொடங்கினார்கள்.

வாத்தியார்களுக்குள்ளும் அதே கதைதான். எங்கள் தலைமையாசிரியருக்கும் தமிழ்ப் பண்டிதருக்கும் ஆகாது. பண்டிதர் தனியாக நின்ற காலத்தில் இவர் அவர் பக்கம் நின்று தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு நாங்கள் நாலு பேர் பண்டிதரோடு சேர்ந்தோம். கை ஓங்கியது. மறுநாளே இவர் தலைமையாசிரியர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். பண்டிதருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னாலும் பொறுக்க முடியவில்லை.

"நியாயம் யார் பக்கம்னு பாக்க மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"நியாயம் எல்லாத்துகிட்டயும் கொஞ்சங் கொஞ்சம் இருக்கும் சார். பலம்தான் ஒரே எடத்துல போய்க் குமிஞ்சிரும். அதைத்தான் நான் பாக்குறேன்."

"அப்ப உங்களுக்குன்னு ஒரு மனுசர் வேணாமா?"

அவர் வெகுநேரம் உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பிரியம் இருந்தது. அவருக்கு என் மேல் இருந்ததா என்று அப்போது தெரியாது. இந்த மனிதரிடம் ஒருநாள் நான் மாட்டிக்கொள்வேன் என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நடந்தது என்னவோ அப்படியல்ல.

எங்கள் குடும்பம் கடைமடையில் இருந்தது. ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் முதலில் மேல்மடை ஊரின் வயலுக்குப் பாயும், அப்புறம்தான் எங்களுக்கு. நாலு நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. என் பாட்டன் காலத்து ஏற்பாடு. முறை மாறுகிற நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இரண்டு ஊரும் மதகடியில் சந்திக்கும். ஊருக்கு இரண்டே பேர். ஒருவர் பொறுப்பு, ஒருவர் சாட்சி. கையில் கம்பு இருக்கக் கூடாது. முறை முடிந்த ஊர்க்காரர் பலகையை இறக்கித் தன் பக்கத்து மடையை அடைப்பார். அடைத்த மண்வெட்டியைத் தோளுக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கி, முறை வாங்குகிற ஊர்க்காரரின் தோளில் வைப்பார். வாங்கியவர் 'வந்துச்சு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு தண்ணீர் அடுத்த ஊருக்குச் சொந்தம்.

எங்கள் ஊருக்குப் பொறுப்பு என் அண்ணன். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தது அவரும் மதினியும்தான். அதிர்ந்து பேச மாட்டார். தண்ணீருக்குப் போய்விட்டு வந்தால் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, "வந்துச்சு" என்று மதினியிடம் ஒரு வார்த்தை சொல்வார். மதினி உலை வைப்பாள்.

ஜெர்மனி பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் எங்களுக்கு மழை பொய்த்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தது. இரண்டாம் போகத்தில் மேல்மடைக்காரர்கள் முறை முடிந்தும் ஒரு பொழுது, இரண்டு பொழுது மடையைத் திறந்தே வைத்திருந்தார்கள். எங்கள் பயிர் பால் பிடிக்கிற சமயம். அண்ணன் உத்தமபாளையத்துக்கு மனு எழுதிப் போட்டார். பதில் வரும்போது கதிர் கருகியிருக்கும். ஒருநாள் எங்கள் ஊர் இளவட்டங்கள் பொறுக்காமல் கரையை வெட்டிவிட்டார்கள். அடுத்த முறைக்கு மேல்மடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள், கம்போடு.

அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க சார் ஒருத்தர் இருக்காரு. இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு" என்றேன். மறுநாளே அவரைச் சாப்பிடக் கூட்டி வந்தேன்.

மதினி வாழை இலை போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். வெகு நாளாக வீட்டுச் சோறு காணாத மனிதர். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்ததும் அண்ணனிடம் முதலில் எழுத்து ஒப்பந்தம் போடச் சொன்னார்.

அண்ணன் சிரித்தார். "வாயால சொன்னதையே மீறுறவுக, தாள்ல எழுதினா மட்டும் நிப்பாகளா சார்? அந்தத் தாளுக்கு யாரு காவல்?"

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஜெனிவாவைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்ததை ஒரு விவசாயி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"அப்பச் சரி. அவுக நாலு பேரு வந்தா நீங்களும் நாலு பேரு போங்க. அஞ்சு வேண்டாம். மூணும் வேண்டாம். கம்பு இருக்கட்டும். அடிக்கிறதுக்கு இல்ல, அவுக எண்ணிப் பாக்குறதுக்கு. நம்மளால முடியும்னா அவுகளாலயும் முடியும்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருச்சுன்னா, எவனும் தொட மாட்டான்."

"கம்பு கொண்டுபோற வழக்கம் இல்லையே" என்றார் அண்ணன்.

"வழக்கத்தை அவுக முறிச்சுட்டாக."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். படித்த தம்பி தலையாட்டினால் அவருக்குப் போதும்.

நடந்ததைச் சொல்ல வேண்டும்: அது பலித்தது. நாலும் நாலுமாக நின்ற அன்றைக்கு மேல்மடைக்காரர்கள் சரியாகச் சூரியன் கிளம்ப மடையை அடைத்தார்கள். அடுத்த முறையும் அப்படியே. எங்கள் வயலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அவர் பள்ளிக்கூடத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "பாத்தீகளா சார், பாத்தீகளா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

மதினிக்கு மூன்று அண்ணன் தம்பிகள். சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். மச்சானுக்கு ஒரு இடைஞ்சல் என்று கேள்விப்பட்டு, கூட ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். கூப்பிடாமல் வந்த உறவு; போ என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கம் நாலு எட்டாகிவிட்டது. அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

அன்று பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"தப்பாச்சே சார். தட்டு சாஞ்சுருச்சே. நீங்க எட்டா நின்னா அவுகளுக்குப் பயம் வரும். பயந்தவன்தான் மொதல்ல அடிப்பான்."

"அதுக்கு இப்ப என்ன செய்ய? வந்த ஒறமுறையை வெரட்டவா?"

"அதைச் செய்ய முடியாது. அவுகளையும் எட்டாக்கணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. மேல்மடைக்குப் போய், எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று சொல்லி, அவர்களையும் அத்தனை பேர் வரச் சொல்லப் போகிறேன் என்கிறார். ஒளிவு மறைவு இல்லாமல் இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால்தான் பயம் அடங்குமாம். கேட்கக் கேட்க அது எனக்கும் நியாயமாகப் பட்டது. நான் கணக்கு வாத்தியார். இரண்டு, நாலு, எட்டு என்று போகிற வரிசை எங்கே போய் நிற்கும் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். எனக்கே தோன்றவில்லை.

மேல்மடைக்கு வயல் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு வழி தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் நான் கூட்டிப் போனேன். யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளாதபடி துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு தென்னந்தோப்பு முனையிலேயே நின்றுவிட்டேன். அவர் உள்ளே போய் அரைமணி நேரம் பேசினார். தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆள், 'வாத்தியார் கூட வந்தவக' என்று எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தான். வெயிலுக்கு இதமாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

திரும்பும்போது, "ஒத்துக்கிட்டாக" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறைக்கு எட்டும் எட்டுமாக நின்றார்கள். மண்வெட்டி கை மாறியது. ஆனால் அன்றைக்கு யாரும் யாரிடமும் ஊர் நலம் விசாரிக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். எங்களை எட்டுப் பேராகக் கண்ட பயம் மேல்மடைக்காரர்களுக்குத் தணியவில்லை. மலை எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கள் பையன்களை இறக்கினார்கள். பன்னிரண்டு ஆனது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணனைப் பன்னிரண்டு பேரோடு போகச் சொன்னார். அன்று மதினி கொடுத்த மோரைக்கூடக் குடிக்க மறந்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு அண்ணன், "நல்ல மனுசந்தான். ஆனா இவரு நம்ம பக்கமா, அவுக பக்கமா?" என்று என்னிடம் கேட்டார்.

"யாரு பக்கமும் இல்ல அண்ணே. அதான் அவரு சொல்றதைக் கேக்கலாம்னேன்."

"ஒரு எடத்துல குந்தாத மனுசன் சொல்லுக்கு நான் பன்னெண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகணுமா? இந்த ஒரு தடவைதான். அடுத்த மொறைக்கு நானும் சாட்சியும் மட்டும் போறோம். அடிச்சா அடிக்கட்டும்."

இதைச் சொல்லும்போது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் நீளமாகப் பேசியது அதுதான் கடைசி.

மறுநாள் காலையில் மதகடியில் இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்துநாலு பேர். நான் அங்கே போகவில்லை. பிறகு பலர் சொல்லக் கேட்டுத்தான் தெரியும். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மேல்மடைக்காரர் நேரத்துக்குப் பலகையை இறக்கினார். மண்ணை இழுத்து அடைத்தார். வழக்கம்போல மண்வெட்டியை இரண்டு கையாலும் தோளுக்கு மேலே தூக்கினார். அண்ணன் தோளைக் கொடுத்துக் குனிந்தார்.

இரண்டு இரண்டு பேராக நின்ற காலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த காரியம். இப்போது எங்கள் பக்கத்தில் பின்வரிசையில் நின்றவன் மதினியின் கடைசித் தம்பி. சின்னமனூரில் பிறந்தவன். எங்கள் வழக்கத்தைக் காதால் கேட்டிருக்கிறானே தவிர, போன முறையும் கரைக்குக் கீழே நின்றதால் கண்ணால் பார்த்ததில்லை. ஏழெட்டு முதுகுகளுக்கு மேலே ஓங்கிய மண்வெட்டி ஒன்றுதான் அவன் கண்ணில் பட்டது. "மச்சானை வெட்டுறான்டோய்!" என்று கத்திக்கொண்டு கம்போடு பாய்ந்தான். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எந்தக் கோர்ட்டாலும் சொல்ல முடியவில்லை. அண்ணனை மாட்டு வண்டியில் போட்டு உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. மேல்மடையில் ஒருவருக்கு ஒரு கண் போனது.

மூன்றாம் நாள் போலீஸ் வந்து மதகுப் பலகைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது. சாவியை ரெவின்யூ ஆபீசில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஊருக்கும் மேலே ஒருவன் வந்துவிட்டான். பயிர் இரண்டு ஊரிலும் காய்ந்தது.

எட்டாம் நாள் அவர் சாவுக்குத் துட்டி கேட்க வந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன், கேட்கவில்லை. முன்கட்டு நிறையச் சனம். மதினியின் அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவன் லாக்கப்பில். மற்ற இருவரும் வாசலில் நின்றார்கள். அவர் உள்ளே வந்து, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வாரமாகச் சவரம் இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

மதினி பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். அதற்குள் ஊரில் சங்கதி பரவிவிட்டது. மேல்மடையில் பெண் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள்.

"சார், எங்க வீட்டுல சோறு தின்னுட்டு, அங்கன போயும் ஆள் சேக்கச் சொன்னீகளாமே. நெசமா?"

அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நெசந்தாம்மா" என்றார்.

"எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் சமமா இருந்தா ஒருத்தரும் கை வைக்க மாட்டாகன்னு நெனச்சேன். நீங்க எட்டு இருந்தீக. அதான் அவுகளையும்..."

"எண்ணுனீகளே சார், விரல் விட்டு எண்ணுனீகளே. எம்புட்டுக் கம்புன்னு எண்ணுனீக. அதைப் பிடிச்சிருந்தது யாரு பெத்த பிள்ளைன்னு எண்ணலையே. எந் தம்பி ஒரு முட்டாப் பய. அவன் முட்டாப் பயன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அவன் ஒரு எண்ணிக்கை."

அவர் கையைக் கூப்பினார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மதினி விடவில்லை. "வயக்காட்டு வழி உங்களுக்கு எப்புடித் தெரியும்? கூட ஒரு ஆளு முக்காடு போட்டுக்கிட்டு வந்தாராம். தோப்புல எளநி குடிச்சாராம். கூட்டிட்டுப் போன அந்தப் பாவி யாரு சார்? பேரைச் சொல்லுங்க."

வாசலில் நின்ற இரண்டு பேரும் உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், மொட்டைத் தலையோடு. அண்ணன் பையன்கள் சின்னவர்கள் என்பதால் கொள்ளி வைத்தவன் நான்தான். அண்ணன் பெண் குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போதாவது எழுந்திரு, எழுந்து நான்தான் என்று சொல் என்று எனக்கு நானே சொன்னேன். எழுந்திருக்கவில்லை.

அவர் நேராகப் பார்த்திருந்தால் என் உடம்பே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"அது சந்தைக்குப் போற ஆளும்மா. வழி காட்டுனாரு. பேரு கேட்டுக்கல. அசலூரு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். காப்பியில்கூட யார் பக்கமும் சாயாத மனிதர், அத்தனை பேர் நடுவில் என் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் அவருக்கு என்னவாக இருந்தேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அவரை அடித்தார்கள். இரண்டு பேர் ஒருவரை. சத்தம் உள்ளே கேட்டது. பள்ளிக்கூட நிர்வாகம் அந்த வாரமே அவரை நீக்கியது. தேனி பஸ்ஸில் பெட்டியோடு ஏறினதைப் பார்த்ததாக ஒரு பையன் சொன்னான். பெரியகுளத்துக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. எங்கே போனார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தேடினேன் என்று சொன்னால் பொய். ஒரே ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் தெரியாததால் போடவில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரையும் படிக்கவைத்தேன். பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைத்தேன். அண்ணனுக்காக இப்படி ஒரு தம்பி உண்டா என்று ஊர் பேசியது. மதினியும் சொன்னாள். அவள் போய் இந்த ஆனியோடு ஒரு வருஷம்.

கடைசிவரை அவளுக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. கருவாடு வைத்தால் நினைப்பு வந்துவிடும். "இதே குழம்பைத்தான் அந்த ஆளுக்கும் ஊத்துனேன். வெளங்குவானா? கூட்டிட்டுப் போனானே ஒருத்தன், அவந்தான் வெளங்குவானா?" என்று சபித்துக்கொண்டே, என் இலையில் சோற்றை அள்ளி வைப்பாள். "நீங்க தின்னுங்க தம்பி" என்பாள்.

நான் சாப்பிட்டேன்.